தீவை அளந்த மாலுமி

செயற்கைக்கோள் படத்தைக் கணிப்பொறித் திரையில் விரித்து, கரைக்கோட்டைப் புள்ளி புள்ளியாக வரைந்து பழகும் நம் மாணவர்களுக்கு, இக்கரையை முதன்முதல் முறையாக வரைந்தவர் யாரென்னும் வினா எழுவதுண்டா? அவர் பெயரை நாம் சொல்லாத நாளே இருந்ததில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறும் வரை, இத்தீவுகளின் தலைநகர் போர்ட் பிளேர். அந்தப் பிளேர் ஆளுநரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். கடலின் ஆழம் அளந்து பிழைத்த ஒரு மாலுமி.

ஆர்ச்சிபால்டு பிளேர் 1752இல் பிறந்தவர். இருபது வயது நிரம்புமுன், 1771இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படையில் சேர்ந்தார். அளவைக் கலையை அவருக்குக் கற்பித்தது கல்லூரியன்று, கப்பலின் மேல்தளம். இந்தியா, பாரசீகம், அரேபியா ஆகிய நாட்டுக் கரைகளை அளக்கச் சென்ற கப்பலில் தொழில் பயின்றார். 1780இல் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார், 1784இல்தான் விடுதலை. அதன்பின் சாகோஸ் தீவுகளையும் ஹூக்ளி ஆற்றையும் அளந்தார்.

1788 டிசம்பர் இறுதியில் கல்கத்தாவிலிருந்து அந்தமானுக்குப் புறப்பட்டார். எலிசபெத், வைப்பர் என்று இரண்டு கப்பல்கள். (வைப்பர் தீவு இப்பெயரைப் பெற்றது பாம்பினால் அன்று, இக்கப்பலினால்!) வங்கக் கடலில் புயலுக்கு ஒதுங்கவும் போர்க்கப்பல் நிறுத்தவும் கம்பெனிக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது.

அக்காலக் கடல் அளவையாளனின் கருவிகள் எவை? திசைகாட்டி, கோணமானி, ஈயக்குண்டு கட்டிய கயிறு. குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பைத் தடவிக் கடலில் இறக்குவார்கள். கயிறு ஆழத்தைச் சொல்லும்; கொழுப்பில் ஒட்டி வருவது மணலா சேறா என்பது, நங்கூரம் பிடிக்குமா என்பதைச் சொல்லும். நாம் இன்று களச் சரிபார்ப்பு என்று தனிப் பாடமாகப் படிப்பது அவர்களுக்குத் தொழில் முழுவதுமே! திரையில் நீலமாகத் தெரிவதை ஆழமென்று எழுதிவிட்டு எழுந்துபோகும் வசதி அவர்களுக்கு இல்லை.

1789 ஏப்ரலில் அளவை முடிந்தது. தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் தாம் கண்ட துறைமுகத்தையே பிளேர் பரிந்துரைத்தார். அவ்வாண்டே அங்குள்ள சாத்தம் தீவில் அவர் தலைமையில் குடியேற்றம் தொடங்கியது. துறைமுகத்துக்குப் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயர். நம் தோழர்கள் மரம் அறுக்கும் ஆலையைப் பார்க்கப் போகும் அதே சாத்தம்தான்.

காடு வெட்டினார்கள், பயிரிட்டார்கள், குடியேற்றம் ஒருவாறு நிலைபெற்றது. அப்போது வந்தது மாற்றம். கப்பற்படைத் தலைவர் வில்லியம் கார்ன்வாலிஸ், வடக்கு அந்தமானின் துறைமுகமே போர்க்கப்பல்களுக்கு ஏற்றது என்று கருதினார். அவருடைய தமையனாரே கவர்னர் ஜெனரல்! 1792இல் குடியேற்றம் வடக்கே பெயர்ந்தது. பெயரும் கூடவே போயிற்று. அடுத்த ஆண்டு பிளேர் பொறுப்பிலிருந்து விலக, மேஜர் கிட் வந்தார். புதிய இடத்தில் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. 1796இல் அரசு குடியேற்றத்தையே மூடியது. கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பியது. துறைமுகத்தின் அகலமும் ஆழமும் கணக்கில் வந்தன. அங்கே வாழ வேண்டிய கூலியும் கைதியும் கணக்கில் வரவில்லை என்பதே என் எண்ணம்.

பிளேர் இங்கிலாந்து திரும்பினார், இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1815இல் காலமானார். 1857 கிளர்ச்சிக்குப் பின் தண்டனைக் குடியேற்றத்துக்கு இடம் தேட வந்த குழு, அவர் முதலில் தேர்ந்த துறைமுகத்தையே தேர்ந்தது. அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது அப்போதுதான். 1858 மார்ச் 10இல் 200 கைதிகள் அங்கே இறக்கப்பட்டனர்.

அவர் வரைந்த கரையும் அப்படியே நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் கரை மேலெழுந்தது. தலைநகரைச் சுற்றிய நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

ஆனால் ஒன்று இரண்டிலும் அகப்படாது. பிளேர் காலத்திலேயே இங்கு வந்த கோல்புரூக் என்னும் அளவையாளர், தீவு மக்களின் சொற்கள் சிலவற்றைக் கேட்டு எழுதினார். அவை ஜாரவா மொழிச் சொற்கள் என்பது நெடுநாள் கழித்தே தெளிவாயிற்று. கடற்படத்தில் பாறைக்கும் சேற்றுக்கும் குறியிருந்தது. அம்மக்கள் வேட்டையாடிய காட்டுக்கு எல்லைக்கோடு இல்லை. 1859 மே மாதம் அந்தமான் பழங்குடியினர் வில்லும் அம்பும் ஏந்தி அபர்டீனில் வெள்ளையரை எதிர்த்தது அந்தக் காட்டுக்காகத்தான்.