பாட்டு வேண்டும், பாடகன் வேண்டாமா?

அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்களில் நாடா ஓடும் ஓசையோடு பாட்டும் சேர்ந்தே ஓடி வந்திருக்கிறது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தென்பாண்டிச் சீமையைக் கட்டி ஆண்ட காலம் ஒன்று உண்டு. கை தறியில் இருக்கும்; காது பாட்டில் இருக்கும். இன்று வானொலிப் பெட்டியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. நெசவாளிக்கும், நூற்பாலைத் தொழிலாளிக்கும், திருச்சுழி வட்டாரத்தில் மிளகாயும் பருத்தியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் விவசாயிக்கும் பாட்டுத்தான் செலவில்லாத துணை.

அந்தப் பாட்டுக்கு உயிர் எங்கிருந்து வருகிறது? குரலினிமையிலிருந்தா? ராக ஞானத்திலிருந்தா? இரண்டும் வேண்டியவைதாம். ஆனால், பாடுகிறவன் தன் வாழ்வையே பணயம் வைத்துப் பாடும்போதுதான் பாட்டு உயிர் பெறுகிறது என்கிறோம் நாம். இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. பக்கத்துத் திருமங்கலத்தில் வாழ்ந்தவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். அவர் வாழ்க்கையே போதும்.

1886-ல் சிவகாசியில் பிறந்தார். முடிதிருத்தும் தொழிலாளர் சமூகத்தில் பிறந்தார். அந்தச் சமூகத்தார் கத்தி பிடித்தவர்கள் மட்டுமல்லர். வைத்தியம் பார்த்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள். பிறப்புக்கும் அவர்கள் வேண்டும். இறப்புக்கும் அவர்கள் வேண்டும். திண்ணையில் உட்கார மட்டும் இடமில்லை! இதுதான் சாதி வகுத்த நீதி.

அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர், தென்னாட்டு நாடக மேடையில் முருகனாக நின்றார். அன்று கொடிகட்டிப் பறந்தது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த நாடகங்கள் எல்லா நடிகர்களுக்கும் மனப்பாடம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது. ஆர்மோனியம் சுருதி கூட்டியதும் விடிய விடிய நாடகம் நடக்கும். தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்? எழுத்தறியாத உழைப்பாளி மக்கள். பத்திரிகை அவர்களை எட்டவில்லை. பாட்டு எட்டியது.

அந்த வழியைத்தான் விசுவநாததாஸ் பயன்படுத்தினார். புராண நாடகத்தில் தேசியப் பாட்டைப் புகுத்தினார். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் வருகிறது. கதிரைத் தின்னப் பறவைகள் வருகின்றன. அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு! கொக்கு எது, கொள்ளை எது என்று கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் விளங்கிற்று. போலீசுக்கும் விளங்கிற்று! அவர் பாடிய தேசியப் பாடல்கள் பலவற்றை எழுதித் தந்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, அதே கரிசல் மண்ணில் உள்ள நாகலாபுரத்துக்காரர். 1931-ல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டெழுதிய கவிஞரும் அவரே.

கதராடை அணிந்தார். மேடையிலேயே கைதானார். விடுதலையானதும் மறுபடி மேடை, மறுபடி பாட்டு, மறுபடி சிறை. 29 முறை சிறை சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கணக்குச் சொல்கிறார்கள். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடினார்.

வெள்ளையன் தந்த சிறை ஒருபுறம். சொந்த நாட்டான் தந்த இழிவு மறுபுறம்! அவர் முடிதிருத்தும் சமூகத்தவர் என்பதற்காக அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் சிலர் மறுத்தனர். முருகனைக் கண்டு கைகூப்பியவர்களே, வேடம் கலைந்ததும் விலகி நின்ற நாடு இது. அந்த நேரத்தில் துணிந்து அவரோடு மேடையேறியவர்களில் ஒருவர் கே.பி. ஜானகி அம்மாள். நடிகையாய் இருந்து, விடுதலைப் போரில் சிறை கண்டு, கம்யூனிஸ்டாகி, 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானவர். அரசியல் மேடையில் அவர் காட்டிய துணிவை அதற்கு முன்பே நாடக மேடையில் காட்டிவிட்டார்.

இந்த வஞ்சகம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதா? இல்லை. அமெரிக்காவில் கறுப்பு மக்கள் தேவாலயப் பாட்டிலிருந்து ஓர் இசையை வளர்த்தெடுத்தார்கள். அதற்கு ஆன்மா என்று பொருள்படும் 'சோல்' என்ற பெயர் நிலைத்தது. அதன் முன்னோடிகளில் ஒருவர் சாம் குக். வெள்ளையர் வீட்டு வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது. ஆனால் 1963-ல் லூசியானா மாநிலத்தில், முன்பதிவு செய்திருந்த விடுதியிலேயே அவருக்கு அறை மறுக்கப்பட்டது. தட்டிக் கேட்டவரைக் கைது செய்தார்கள். கறுப்பு மக்களின் உரிமைப் போருக்குக் கீதமாகிவிட்ட பாட்டை அவர் 1964-ல் பதிவு செய்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே மாண்டார். திருமங்கலத்துக்கும் லூசியானாவுக்கும் எத்தனையோ ஆயிரம் மைல். இழிவு ஒன்றே, அதற்குப் பாட்டால் தந்த பதிலும் ஒன்றே!

விசுவநாததாஸ் பொருள் சேர்த்தாரா? இல்லை. சேர்ந்தது கடன். உடலும் நலிந்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54. நாடு விடுதலை பெற இன்னும் ஆறரை ஆண்டு இருந்தது. வெள்ளைக் கொக்கு பறந்து போனதை அவர் காணவில்லை.

தோழர்களே! 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் பறையையும் ராப்பையும் கலந்து சாதியை எதிர்த்துப் பாடினார்கள். தாளம் புதிது, வழக்கு பழையது. தாசரைத் தெரிந்தவர்களுக்கு இவர்களும் அன்னியர் அல்லர். பழைய பாட்டே பாட்டு என்று முதியவர் முகம் சுளிப்பதும், பழையது எதற்கு என்று இளைஞர் ஒதுக்குவதும் வேண்டாம். இந்தப் பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது, பாடியவன் எதை இழக்கத் துணிந்தான் என்று கேட்டுப் பழகுவோம்.

கேட்பதோடு நம் கடமை தீரவில்லை. இன்றும் நம் வட்டாரத்துத் திருவிழாக்களில் நாடகம் நடக்கிறது. விழாக் குழுக்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள். நாடகத்துக்கு வரும் கலைஞர்களுக்கு ஒப்பனை செய்ய மறைவான இடமும், உட்கார்ந்து சாப்பிட நம்மோடு ஒரே பந்தியும், விடிந்ததும் குறையாத கூலியும் கிடைக்கச் செய்வது யார் வேலை? நம் வேலை. ஆர்மோனியக்காரர் என்ன சாதி என்று எவராவது விசாரித்தால், அந்த வாயை அங்கேயே அடக்குவது யார் வேலை? அதுவும் நம் வேலை.

பாட்டுக்குக் கை தட்டுவது எளிது. பாடியவனுக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொல்வதே விசுவநாததாசுக்கு நாம் பட்ட கடன். அதைத் தீர்ப்போம்!