அராபியப் பழமொழி தொகுத்த யாத்திரிகர்

கெய்ரோ மாநகரின் முஸ்லிம் இடுகாட்டில் ஷேக் இப்ராஹீம் என்னும் பெயரோடு அடக்கம் பெற்றிருப்பவர் ஒரு சுவிட்ஸர்லாந்து தேயத்தார். யோஹான் லூட்விக் பர்க்ஹார்ட் என்பது பெற்றோர் அவருக்கு இட்ட பெயர்.

அன்னார் கி. பி. 1784-இல் லோஸான் நகரிற் பிறந்து, லைப்ஸிக், கோட்டிங்கென் சர்வகலாசாலைகளிற் பயின்று, 1806-இல் லண்டன் சேர்ந்தார். ஆங்கிருந்த ஆப்பிரிக்கச் சங்கத்தார் நைஜர் நதியின் போக்கைக் கண்டறியும் பணியை அவரிடம் ஒப்புவித்தனர். முன்னர் அப்பணி மேற்கொண்டு சென்றோருட் சிலர் மீளவே இல்லை. ஆதலின் பர்க்ஹார்ட் அவசரப்பட்டாரல்லர். கேம்பிரிட்ஜில் அரபு கற்றார். வெறுந்தரையிற் படுத்தும், காய்கறியும் நீருமே உட்கொண்டும், வெயிலில் தலை மூடாது நெடுந்தூரம் நடந்தும் உடலைப் பழக்கினார். பரீட்சைக்கு முந்திய இரவில் மட்டும் கண்விழிக்கும் நம் மாணவ நண்பர் இதனைச் சிறிது கருதுவாராக.

1809-இல் கப்பலேறிச் சிரியாவின் அலெப்போ நகரை அடைந்தார். இந்துஸ்தானத்து முஸ்லிம் வர்த்தகர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். ஐயுற்றோர் சிலர் அவர்தம் தாய்மொழியிற் பேசுமாறு வற்புறுத்தவே, சுவிட்ஸர்லாந்துக் கொச்சை ஜெர்மனைத் தடையின்றிப் பொழிந்தாராம். கேட்டோர் திருப்தியுற்றனர்! இரண்டாண்டுக்கு மேல் அங்கிருந்து, ராபின்ஸன் க்ரூஸோவின் கதையை அரபியிற் பெயர்த்தெழுதியும் மொழி பயின்றார்.

மலைப்பிளவினுள் மறைந்திருந்த பெட்ரா நகரை 1812-இலும், மணலிற் புதைந்திருந்த அபூ சிம்பெல் பெருங்கோயிலை 1813-இலும் ஐரோப்பியருக்கு அறிவித்தவர் இவரே. இவற்றால் இவர் பெயர் பூகோள நூல்களில் நிலைத்தது. 1814-இல் தாயிப் நகரில் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலியின் ஏவலால் மார்க்க அறிஞர் இருவர் இவரைச் சோதித்தனர். ஒரு விடை பிழைத்திருப்பின் உயிருக்கே இடர் நேர்ந்திருக்கும். அச்சோதனையில் தேறி மெக்கா சென்றார், மதீனாவில் நோயுற்றார், 1815-இல் தளர்ந்த உடலோடு கெய்ரோ மீண்டார்.

நைஜர் நோக்கிச் செல்லுதற்கேற்ற ஒட்டக வணிகர் கூட்டம் எளிதில் வாய்க்கவில்லை. காத்திருந்த அக்காலத்திலேதான், நம் எண்ணத்தில் பெட்ராவினும் சிறந்ததாகிய பணியை அவர் செய்தார். அல்-மைதானி போன்ற பண்டைப் புலவர் ஆயிரக்கணக்கான அரபுப் பழமொழிகளைத் தொகுத்திருந்தனர். அவை ஏட்டு வழக்கின. பர்க்ஹார்ட் நாடியது கெய்ரோத் தெருவின் நாவழக்கு. அந்நகரவாசி ஒருவர் முன்பே திரட்டிய ஏடொன்றை அடிப்படையாகக் கொண்டு, தாம் செவியுற்றனவும் சேர்த்து, எழுநூற்றுக்கு மேற்பட்ட பழமொழிகளை அரபு மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, வழங்கும் இடம் என்னும் இவற்றோடு எழுதினார்.

அவற்றின் சுவை தனி. நல்லூழ் உடையானை நைலில் எறிந்தாலும் வாயில் மீனோடு எழுவான் என்கின்றது ஒன்று. பாஷாவின் குதிரைகளுக்கு லாடம் கட்ட வந்தபோது வண்டும் தன் காலை நீட்டிற்று என்பது, தன் அளவறியாதானை நகைப்பது. சந்திரன் துணையிருக்க நட்சத்திரங்களைப் பற்றிக் கவலை எதற்கு என்பது பிறிதொன்று. மாமலூக்கர் கொடுமையும் பாஷாவின் வரிச்சுமையும் தாங்கிய ஏழைக்கு, பெரியார் ஒருவர் ஆதரவு எத்துணை இன்றியமையாதது என்பதை இது காட்டும். வெளிப்படையாகச் சொன்னால் கசையடி கிடைக்கும். பழமொழியாகச் சொன்னால் அது பாட்டன் சொல், சொன்னவன் மேற் குற்றமில்லை. ஒட்டகமோட்டியோடும் கடைக்காரனோடும் ஆண்டுக்கணக்கில் உடனுண்டு வாழ்ந்தவர்க்கன்றி இச்சொற்களின் கூர்மை எங்ஙனம் புலனாகும்?

1817-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் வயிற்றுக்கடுப்பால் பர்க்ஹார்ட் காலமானார். வயது முப்பத்திரண்டே. அரிதின் ஈட்டிய கீழைத்தேயச் சுவடிகளைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு உரிமையாக்கியிருந்தார். பழமொழித் தொகுதி பதின்மூன்றாண்டுகள் கழித்து, 1830-இல் லண்டனில் அச்சேறியது. அவர் காண விழைந்தும் காணாத நைஜரின் முகத்துவாரத்தை லாண்டர் சகோதரர் கண்டதும் அவ்வாண்டிலேயே.