மறதிக்குள் மறைந்த நோய்

முதுமையில் மறதி வந்துவிட்டால், வயதாகிவிட்டது என்று கைவிரிப்பது நம் வழக்கம். விமான் நகரில் நான் குடியிருக்கும் தெருவிலும் இப்பேச்சு காதில் விழுகிறது. அப்போதெல்லாம் சாலமோன் ஹக்கீம் என்ற மேதையையே நினைத்துக்கொள்கிறேன்.

லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மகனாகக் கொலம்பியா நாட்டில் 1922-இல் பிறந்தார் அவர். மூளை அறுவை மருத்துவம் பயின்றார். இயற்பியலிலும் தீராத ஆர்வம் கொண்டிருந்தார்.

1957-இல், விபத்தில் அடிபட்ட 16 வயதுச் சிறுவன் ஒருவன் நினைவு தெளியாமல் கிடந்தான். மூளையின் அறைகள் நீரால் விரிந்திருந்தன. நீரின் அழுத்தமோ இயல்பாகவே இருந்தது. சோதனைக்காகச் சிறிது நீரை எடுத்தார் ஹக்கீம். மறுநாள் சிறுவன் பேசினான்! நீரை வடிக்கும் குழாய் பொருத்தியபின் நன்கு தேறினான். அழுத்தம் இயல்பாயினும் விரிந்த பரப்பின்மீது அதன் விசை பெரிது என்று இயற்பியல் கொண்டு விளக்கினார் ஹக்கீம்.

முதியோரிடமும் இந்நோயைக் கண்டார். தடுமாறும் நடை, மறதி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். 1964-இல் ஆய்வேடு எழுதினார். 1965-இல் ரேமண்ட் ஆடம்ஸ் முதலானோருடன் வெளியிட்ட கட்டுரையால் உலகம் இதனை அறிந்தது. நீர் அளவோடு வடிய வால்வு ஒன்றையும் தாமே அமைத்தார். 2011-இல் மறைந்தார்.

எல்லா மறதியும் இந்நோயன்று. அறுவைக்குப்பின் நடை தேறும் அளவுக்கு நினைவு தேறுவதுமில்லை. ஆதலால் சிறிது நீரை வடித்து, அதற்கு முன்னும் பின்னும் நடையையும் நினைவையும் சோதித்து முடிவு செய்கின்றனர்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, தாத்தா காலைத் தரையோடு இழுத்து நடக்கக் கண்டால், வயதின்மேல் பழிபோட்டு வாளா இராதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்!