நாவலர் சோமசுந்தர பாரதியார்

1918ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புதுச்சேரியை விட்டு வெளிவந்த சுப்பிரமணிய பாரதியார், கடலூருக்கு அருகே ஆங்கில அரசின் காவலர்களால் கைது செய்யப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேல் கடலூர்ச் சிறையில் அவர் அடைபட்டிருந்தார். அந்நிகழ்வுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், அவருடைய இளமைத் தோழர் ஒருவர் அதே தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இருவரும் எட்டயபுரத்து மண்ணில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பாரதி என்னும் பட்டத்தை இருவரும் இளமையிலேயே பெற்றவர்கள். ஒருவர் நாட்டு விடுதலையைப் பாடிச் சிறை புகுந்தார். மற்றவர், விடுதலை பெறவிருக்கும் நாட்டில் தாய்மொழியின் இடம் யாது என்னும் வினாவை எழுப்பினார். அவரே நாவலர் சோமசுந்தர பாரதியார்.

இளமையும் கல்வியும்

சோமசுந்தர பாரதியார் 1879ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். எட்டயபுர அரண்மனைச் சூழலில் வளர்ந்த அவருக்குப் புலவர்களின் அவையும் செய்யுள் விளையாட்டும் சிறு வயதிலேயே பழகிப்போயின. சுப்பிரமணிய பாரதியார் அவருக்கு மூன்றாண்டு இளையவர். இளமையிலேயே இருவரையும் தமிழ்ச்சுவை ஒன்றாகப் பிணைத்தது.

பள்ளிக் கல்விக்குப் பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் பயின்றார். பரிதிமாற்கலைஞரும் மறைமலையடிகளும் அங்கே அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவ முயன்றவர் பரிதிமாற்கலைஞர். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை அகற்ற நடந்த முயற்சியை எதிர்த்து நின்றவரும் அவரே. தாய்மொழி கல்விக்கூடத்தை விட்டு வெளியேறினால், காலப்போக்கில் அது அறிஞர்தம் அவையை விட்டும் வெளியேறும் என்னும் அச்சம் அக்காலத் தமிழாசிரியர்களிடம் இருந்தது. அவ்வச்சத்தின் பொருளை மாணவப் பருவத்திலேயே சோமசுந்தர பாரதியார் உணர்ந்திருந்தார்.

வழக்குமன்றமும் தமிழாய்வும்

சட்டம் பயின்ற சோமசுந்தர பாரதியார் 1905ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அந்நகரில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சிதம்பரனாரின் நெருங்கிய நண்பரான பாரதியார் அம்முயற்சிக்குத் துணைநின்றார். தொழிலால் வந்த வருவாயும் ஆங்கிலக் கல்வியால் வந்த மதிப்பும் அவரை நாட்டுப்பற்றிலிருந்து விலக்கவில்லை. பேராயக் கட்சியின் விடுதலை இயக்கத்தில் அவர் ஈடுபட்டார். அவருடைய மகள் இலக்குமி பாரதியும் மருமகன் கிருட்டிணசாமி பாரதியும் அவ்வியக்கத்தில் சிறை சென்றனர்.

பின்னர் மதுரைக்குக் குடிபெயர்ந்து அங்கும் வழக்கறிஞராக விளங்கினார். வழக்குமன்றத்தில் பழகிய சான்று நோக்கும் முறையை அவர் இலக்கிய ஆய்வுக்கும் கொண்டுவந்தார். இராமகாதையில் கைகேயியே குற்றவாளி என்பது உலகத்தார் கருத்து. கைகேயியை மணந்தபோதே நாட்டை அவளுக்கு உரியதாகத் தசரதன் வாக்களித்திருந்தான் என்பதைக் கொண்டு, குறை தசரதன்மேலது என்றும் நிறை கைகேயியினது என்றும் அவர் வாதிட்டார். ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்னும் அந்நூல், ஊர் முழுதும் ஒப்புக்கொண்ட தீர்ப்பையும் சான்று கொண்டு மீளாய்வு செய்யலாம் என்னும் துணிவைத் தமிழாய்வுக்கு அளித்தது. திருவள்ளுவரைப் பற்றி வழங்கிய கட்டுக்கதைகளையும் அவர் அவ்வாறே ஆராய்ந்து மறுத்தார். சேரரின் தலைநகரைப் பற்றியும் அரசுரிமை முறையைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார்.

தில்லையில் தமிழ்ப் பேராசிரியர்

அண்ணாமலை அரசர் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டு சிதம்பரத்தில் மலர்ந்தது. 1933ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைவராகச் சோமசுந்தர பாரதியார் பொறுப்பேற்றார். ஐம்பத்து நான்காம் வயதில், நன்கு வேரூன்றிய வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு ஆசிரியப்பணியை மேற்கொண்டார் என்பது எண்ணத்தக்கது.

சிதம்பரம் தமிழுக்கு ஒரு பழைய பாடத்தைச் சொல்லும் ஊர். மூவர் அருளிய தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டப்பட்டுக் கிடந்தன என்றும், அவற்றுள் பெரும்பகுதியைச் செல்லரித்த பின்னரே இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டனர் என்றும் மரபு கூறுகிறது. காப்பார் இன்றேல் பெருஞ்செல்வமும் மண்ணாகும் என்பதற்கு அந்நிகழ்வே சான்று. அத்தகைய ஊரில் அமர்ந்து தொல்காப்பியத்தைப் பயிற்றிய பாரதியார், அதன் பொருளதிகாரத்து அகத்திணையியல், புறத்திணையியல், மெய்ப்பாட்டியல் ஆகியவற்றுக்குப் புத்துரை கண்டார். பழைய உரையாசிரியர்கள் வடநூல் மரபைத் தழுவிச் சென்ற இடங்களில், சங்கச் செய்யுள்களையும் தமிழ் வழக்கையும் துணைக்கொண்டு நூற்பாவின் நேர்பொருளைக் காண முயன்றார்.

எழுந்தது மொழிச்சிக்கல்

1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை மாகாணத்தில் இராசாசி தலைமையில் பேராயக் கட்சி அமைச்சரவை அமைந்தது. பள்ளிகளில் இந்தியைப் பாடமாக்கும் திட்டத்தை அவர் விரைவிலேயே அறிவித்தார். 1938ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் வெளிவந்த அரசாணை, மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது.

இராசாசியின் கருத்துக்கும் ஓர் அடிப்படை இருந்தது. ஆங்கிலம் அறிந்தோர் அந்நாளில் மிகச் சிலரே. அயலார் ஆட்சி நீங்கிய பின்னும் அயல்மொழியிலேயே நாட்டை நடத்துவது தகாது என்பதும், இந்திய மொழிகளுள் மிகுதியானோர் பேசும் ஒன்றைப் பொதுமொழியாகக் கொள்ள வேண்டும் என்பதும் காந்தியடிகள் உள்ளிட்ட தலைவர்களின் எண்ணம். அவ்வெண்ணத்துடன் தென்னாட்டில் இந்தியைப் பரப்பும் பணி 1918ஆம் ஆண்டிலேயே சென்னையில் தொடங்கப்பட்டிருந்தது.

ஆயினும் தமிழறிஞர்கள் வேறொரு கேள்வியை எழுப்பினர். விரும்புவோர் எம்மொழியையும் கற்கலாம். ஆனால், தாய்மொழியே கட்டாயப் பாடமாக இல்லாத பள்ளியில் மற்றொரு மாநிலத்தார் மொழியைக் கட்டாயமாக்குவது எவ்வகையில் பொருந்தும்? ஒரு பகுதியார்க்குப் பிறப்பிலேயே வாய்த்த மொழி ஆட்சிமொழியானால், ஏனையோர் அதனைக் கற்கும் சுமையோடு தேர்விலும் பணியிலும் போட்டியிட வேண்டியிருக்கும். அது சமன்மை ஆகுமா? ஒற்றுமைக்காக மேற்கொள்ளும் ஏற்பாடே வேற்றுமையை வளர்த்துவிடாதா? இவை எளிதில் ஒதுக்கத்தக்க வினாக்கள் அல்ல.

தன் இயக்கத்தாரையே எதிர்த்து

சோமசுந்தர பாரதியாரின் முன் அரியதொரு தேர்வு நின்றது. ஆட்சியில் இருந்தவர்கள் அவருடன் விடுதலை இயக்கத்தில் உழைத்தவர்கள். நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின் மக்கள் வாக்கால் அமைந்த அமைச்சரவை அது. அதனை எதிர்த்தால் நாட்டுப்பற்று அற்றவர் என்னும் பழி வரக்கூடும். எதிர்க்காது வாளாவிருந்தால், தம் ஆசிரியர்களிடம் கற்ற தமிழுக்குச் செய்யவேண்டிய கடமை தவறும். பல்கலைக்கழகப் பேராசிரியர் பொறுப்பில் இருந்தவாறே அவர் தம் முடிவை மேற்கொண்டார். கட்டாய இந்தியின் தீமைகளை விளக்கி இராசாசிக்கு வெளிப்படையான மடல் ஒன்றை எழுதினார்.

1937ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் தமிழர் மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் சோமசுந்தர பாரதியார். தொடர்ந்து அமைந்த இந்தி எதிர்ப்புக் குழுவிற்கு அவர் தலைவராகவும் கி. ஆ. பெ. விசுவநாதம் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். சமயப்பற்று மிக்க மறைமலையடிகளும் சமய மறுப்பாளரான பெரியாரும் இக்கிளர்ச்சியில் ஒரே அணியில் நின்றனர். கொள்கையால் வேறுபட்டோரை மொழி ஒன்றுபடுத்தியது.

1938ஆம் ஆண்டு ஆகத்து முதல் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தமிழர் படை நடைப்பயணமாகப் புறப்பட்டுச் செப்டம்பரில் சென்னையை அடைந்தது. மறியலில் ஈடுபட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். அவர்களுள் கைக்குழந்தையோடு சென்ற மகளிரும் இருந்தனர். சிறைப்பட்டிருந்த நடராசன் 1939ஆம் ஆண்டு சனவரியிலும் தாளமுத்து மார்ச்சிலும் உயிர் துறந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அமைச்சரவை பதவி விலகியது. 1940ஆம் ஆண்டு பிப்பிரவரி 21ஆம் நாள் ஆளுநர் எர்சுகின் கட்டாய இந்தி ஆணையை விலக்கிக்கொண்டார்.

இந்தியாவில் இப்போராட்டம் நிகழ்ந்த அதே 1938ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மக்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினர். மலைப்பகுதியில் வாழ்ந்த மிகச் சிறிய தொகையினர் பேசிய உரோமாஞ்சு மொழியை, செருமன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியவற்றோடு நான்காம் தேசிய மொழியாக ஏற்பதா என்பதே அவ்வாக்கெடுப்பின் பொருள். பெருந்தொகையினர் தம் மொழியைச் சிறுதொகையினர்மேல் சுமத்தாது, அவர்தம் மொழிக்கும் இடமளித்தனர். அதனால் அந்நாட்டின் ஒற்றுமை குலையவில்லை.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றபின் இவ்வினா அரசியல் நிர்ணய சபையின் முன் மீண்டும் எழுந்தது. பாரதியாரின் மருமகன் கிருட்டிணசாமி பாரதியும் அச்சபையின் உறுப்பினராக இருந்தார். நெடிய விவாதத்திற்குப் பின் 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் சபை ஒரு முடிவுக்கு வந்தது. தேவநாகரி எழுத்திலமைந்த இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழியாகும் என்றும், பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும் என்றும் அரசமைப்புச் சட்டம் வகுத்தது. தேசிய மொழி என எம்மொழியையும் அது குறிப்பிடவில்லை. தமிழ் உள்ளிட்ட மொழிகளை எட்டாம் அட்டவணையில் இடம்பெறச் செய்தது.

1956ஆம் ஆண்டு பாரதியாரின் வாழ்நாளிலேயே இரு வேறு காட்சிகள் நிகழ்ந்தன. அவ்வாண்டு திசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு சூனில் கடலுக்கு அப்பால் இலங்கையில், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு மண்ணில் வாழும் இரு மொழியினருள் ஒருவரை ஒதுக்கிய அச்சட்டம் விளைத்த துயரத்தின் நீளத்தைப் பிற்கால வரலாறு காட்டியது. பாரதியாருக்கு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டி மகிழ்ந்தவர்கள் ஈழத்துப் புலவர்களே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

1959ஆம் ஆண்டு, இந்தி பேசாத மக்கள் விரும்பும் காலம் வரை ஆங்கிலம் தொடரும் என்று தலைமை அமைச்சர் நேரு நாடாளுமன்றத்தில் உறுதியளித்தார். அவ்வாண்டு திசம்பர் 14ஆம் நாள் நாவலர் சோமசுந்தர பாரதியார் இயற்கை எய்தினார். அவர் மறையுமுன்னரே இராசாசி தம் கருத்தை மாற்றிக்கொண்டு, இந்தியை ஒரே ஆட்சிமொழியாக்குவதை எதிர்த்துப் பேசத் தொடங்கியிருந்தார். முன்னர் இருவேறு திசையில் நின்ற இருவரும் முதுமையில் ஒரே கருத்தை வந்தடைந்தனர்.

வழிவழி வந்த வினா

ஆங்கிலத்திற்கு வகுத்த பதினைந்து ஆண்டுக் காலம் 1965ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் முடிவுற்றது. தமிழகம் எங்கும் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. மறுநாள் சிதம்பரத்தில் ஊர்வலம் சென்ற அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மேல் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். பாரதியார் தொல்காப்பியம் பயிற்றிய பல்கலைக்கழகத்தின் வாயிலில் இன்று அம்மாணவரின் சிலை நிற்கிறது. நேருவின் உறுதிமொழிக்கு 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சட்டவடிவம் தந்தது. 1968ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம், தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையை ஏற்றது.

சோமசுந்தர பாரதியார் ஆங்கிலத்தில் புலமை பெற்றவர். வடமொழி நூல்களின் கருத்துகளையும் ஆராய்ந்தவர். நாடு முழுதும் ஒன்றாக நின்று பெறவேண்டிய விடுதலைக்கு உழைத்தவர். அவருக்குப் பிறமொழி மீது பகை இருந்ததில்லை. தாய்மொழியின் உரிமையைக் கைவிட்டுப் பெறும் ஒற்றுமை நிலைக்காது என்பதே அவர் கொண்ட உறுதி. தம் இயக்கத்தாரே ஆட்சியில் இருந்தபோதும், பிழையெனத் தோன்றியதைப் பிழையென எடுத்துரைத்தார். தமிழ்ப் புலமையையும் அப்புலமைக்குத் துணைநிற்கும் நெஞ்சுரத்தையும் தமக்குப் பின் வந்த தலைமுறைக்கு அவர் விட்டுச்சென்றார்.