ஹாரி ஹம்மண்ட் ஹெஸ்

ஹாரி ஹம்மண்ட் ஹெஸ் (மே 24, 1906 - ஆகஸ்ட் 25, 1969) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நிலவியலாளரும், கடற்படை அதிகாரியும் ஆவார். கடற்தளம் நடுக்கடல் முகடுகளில் புதிதாகத் தோன்றி இருபுறமும் விலகிச் செல்கிறது என்ற கருத்தை முன்வைத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகின்றார். கடலடியில் துளையிட்டுப் புவியின் மூடகத்தை எட்ட முயன்ற மோகோல் திட்டம் உருவாகவும் இவர் காரணமாக இருந்தார்.

இளமைக்காலம்

நியூயார்க் நகரில் பிறந்த ஹெஸ், 1923 ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்து, பின்னர் நிலவியலுக்கு மாறினார். முதன்முதலாகக் கற்ற கனிமவியல் பாடத்தில் அவர் தேறவில்லை என்றும், இத்துறையில் அவருக்கு எதிர்காலம் இல்லை என்று ஆசிரியர்கள் எண்ணினர் என்றும் கூறப்படுவதுண்டு. பிற்காலத்தில் பைராக்சீன் கனிமங்கள் பற்றிய ஆய்வில் அவர் முன்னணி வல்லுநரானார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1927 இல் பட்டம் பெற்றபின் வட ரொடீசியாவில் (இன்றைய சாம்பியா) கனிமத் தேடலில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். 1932 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், 1934 முதல் அங்கேயே ஆசிரியராக இருந்தார்.

போர்க்காலமும் கடலடி மலைகளும்

இரண்டாம் உலகப் போரின்போது கேப் ஜான்சன் என்னும் துருப்புக் கப்பலில் பணியாற்றிய ஹெஸ், பின்னர் அதன் தலைவரானார். ஆழமற்ற கரையோரங்களை அணுகுவதற்காக அக்கப்பலில் எதிரொலி ஆழமானி பொருத்தப்பட்டிருந்தது. ஹெஸ் அதை நடுக்கடலிலும் நிறுத்தாமல் இயக்கச் செய்தார். போருக்காகச் சென்ற பாதைகளே ஆய்வுப் பாதைகளாயின. உச்சி தட்டையாக வெட்டப்பட்டது போன்ற பல கடலடி மலைகள் இவ்வாறு பசிபிக்கில் கண்டறியப்பட்டன. பிரின்ஸ்டனின் முதல் நிலவியல் பேராசிரியரான ஆர்னால்ட் கீயோ என்பவரின் நினைவாக ஹெஸ் அவற்றுக்குக் கீயோ எனப் பெயரிட்டார்.

1946 இல் வெளியிட்ட கட்டுரையில், இம்மலைகள் கேம்பிரியனுக்கு முற்பட்ட மிகப் பழைய தீவுகள் என ஹெஸ் விளக்கினார். அது தவறாயிற்று. 1950 இல் நடுப்பசிபிக்கில் அம்மலைகளிலிருந்து வாரி எடுக்கப்பட்ட கற்களில் கிரீத்தேசியக் காலத்து ஆழமற்ற நீர்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் இருந்தன. மிகப் பழமையானது என எண்ணப்பட்ட கடற்தளம் ஏன் இவ்வளவு இளமையாக உள்ளது என்ற கேள்வியே அவரது பிற்காலப் பணிக்கு அடித்தளமானது எனலாம்.

மோகோல் திட்டம்

புவியோட்டுக்கும் மூடகத்துக்கும் இடையிலான எல்லையை 1909 இல் மோகோரோவிச்சிக் கண்டறிந்தார். இது கண்டங்களின் கீழ் முப்பது கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் உள்ளது. கடலின் கீழோ புவியோட்டின் தடிப்பு ஆறேழு கிலோமீட்டர் மட்டுமே. எனவே கடலில் துளையிட்டு மூடகக் கல்லை எடுக்கலாம் என்ற எண்ணம், 1957 இல் ஹெஸ், வால்டர் மங்க் ஆகியோரிடையே நடந்த உரையாடலில் உருவானது.

இதன் முதற்கட்டம் 1961 இல் மெக்சிக்கோவின் குவாடலூப்பே தீவுக்கு அருகே நடைபெற்றது. அங்கு நீரின் ஆழம் ஏறத்தாழ 3,500 மீட்டர் என்பதால் நங்கூரமிட இயலாது. ஆகவே கஸ் 1 என்ற துளையிடு கப்பலில் திசைமாற்றக்கூடிய நான்கு உந்திகள் பொருத்தப்பட்டன. சுற்றிலும் அமைத்த மிதவைகளை ஒலியலைகளாலும் ராடாராலும் கவனித்து, மாலுமி கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தார். ஆழ்கடல் துளையிடலுக்கு இன்றியமையாததாக விளங்கும் இம்முறையே அத்திட்டத்தின் பெரும் பயன் எனக் கூறலாம். மிக ஆழமான துளை கடற்தளத்துக்குக் கீழே 183 மீட்டர் சென்றது. படிவுகளின் அடியில் சில மீட்டர் பசால்ட்டுப் பாறை கிடைத்தது.

அதன்பின் செலவு மதிப்பீடுகள் பன்மடங்காயின. நிர்வாகப் பூசல்களும் சேர்ந்துகொள்ள, 1966 இல் அமெரிக்கக் காங்கிரசு நிதி வழங்க மறுத்ததால் திட்டம் கைவிடப்பட்டது.

கடற்தளப் பரவல்

1960 இல் அறிக்கையாகச் சுற்றுக்கு விட்டு 1962 இல் அச்சிட்ட கட்டுரையில், மூடகப் பொருள் முகடுகளில் மேலெழுந்து புதிய கடற்தளமாகிறது என்றும், அகழிகளில் மீண்டும் கீழிறங்குகிறது என்றும் ஹெஸ் கூறினார். சான்றுகள் போதாமையை உணர்ந்த அவர், அதைப் புவிக்கவிதை என்றே குறிப்பிட்டார். இதே கருத்தை 1961 இல் அச்சில் வெளியிட்டு, கடற்தளப் பரவல் என்ற பெயரையும் வழங்கியவர் ராபர்ட் டீட்ஸ் ஆவார். கடற்புவியோட்டின் பெரும்பகுதி செர்ப்பெண்டினைட்டால் ஆனது என்ற ஹெஸ்ஸின் கருத்து நிலைக்கவில்லை.

1963 இல் வைன், மாத்தியூஸ் ஆகியோர் கடற்தளக் காந்தப் பட்டைகளைக் கொண்டு இக்கருத்துக்கு வலுவூட்டினர். நேரடிச் சோதனை துளையிடல் மூலமே வந்தது. 1968 இல் தொடங்கிய ஆழ்கடல் துளையிடல் திட்டத்தின் குளோமர் சாலஞ்சர் கப்பல், அவ்வாண்டு டிசம்பரில் தக்காரிலிருந்து புறப்பட்டுத் தென் அத்திலாந்திக்கில் வரிசையாகத் துளைகளிட்டது. பசால்ட்டுக்குச் சற்று மேலுள்ள படிவுகளின் வயது நுண்ணுயிர்ப் புதைபடிவங்களால் கணிக்கப்பட்டது. முகட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல அது சீராகக் கூடியது. ஆண்டுக்கு ஒரு பக்கம் சுமார் இரண்டு சென்டிமீட்டர் என்ற வேகத்துடன் அது பொருந்தியது. கப்பல் 1969 ஜனவரியில் ரியோ டி ஜெனீரோவை அடைந்தது.

இறுதிக்காலம்

1962 முதல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் விண்வெளி அறிவியல் வாரியத்துக்கு ஹெஸ் தலைமை வகித்தார். மனிதன் நிலவில் கால்பதித்து ஒரு மாதமே கடந்த நிலையில், வூட்ஸ் ஹோலில் அவ்வாரியத்தின் கூட்டமொன்றில் பங்கேற்றிருந்தபோது மாரடைப்பால் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்கப் புவியியற்பியல் ஒன்றியம் இவர் பெயரில் பதக்கம் ஒன்றை வழங்குகின்றது.

2023 இல் ஜாய்டிஸ் ரெசல்யூசன் கப்பல், பிளவுகளால் மூடகப் பாறை மேலெழுந்துள்ள நடு அத்திலாந்திக்கின் அட்லாண்டிஸ் திணிவில் 1,268 மீட்டர் துளையிட்டு, பெரும்பாலும் செர்ப்பெண்டினாக மாறிய மூடகப் பாறையை எடுத்தது. அக்கப்பலின் ஆய்வுப் பயணங்கள் 2024 இல் முடிவுற்றன. முழுப் புவியோட்டையும் துளைத்து மோகோ எல்லையைக் கடக்கும் முயற்சி அதுவரை நிறைவேறியிருக்கவில்லை.