கணிதப் பேரறிஞர் ஆய்லரும் வழிநடைக் கணக்கும்

கணித சாஸ்திரம் பயிலும் மாணவருள் லெயோனார்டு ஆய்லரின் பெயரைக் கேளாதார் இலர். கழித்தல் ஒன்றின் வர்க்கமூலத்திற்கும், இயற்கை லாகரிதத்தின் அடியெண்ணிற்கும், தொடர்களின் கூட்டுத்தொகைக்கும் இன்று நாம் வழங்கும் குறியீடுகள் அவர் அளித்தவையே. ஆயினும், சரக்கு லாரியொன்று கிடங்கினின்று புறப்பட்டுப் பல கடைகளுக்கும் சென்று மீளுங்கால் எவ்வழியே சென்றால் எண்ணெய்ச் செலவும் புகையும் குறையும் என்னும் இக்காலத்து வினாவிற்கும் அப்பெரியாருக்கும் தொடர்பு உண்டென்பதை அறிந்தோர் சிலரே. மோட்டார் வண்டி தோன்றுவதற்கு நூறாண்டுகட்கு முன்னரே மறைந்த ஒருவர் அவ்வினாவின் விடைக்கு வித்திட்ட வரலாற்றை அவர்தம் வாழ்க்கையோடு சேர்த்து ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆய்லர் ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பேஸில் நகரத்தில் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் ஒரு சபைக் குரு. தாயாரும் குருவின் குடும்பத்தில் தோன்றியவரே. தந்தையார் இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணிதப் பெரும்புலவரிடம் பாடங் கேட்டவராதலின், மகனுக்கு முதற் கணிதம் புகட்டியவர் அவரே ஆயினர். பதின்மூன்றாம் வயதில் ஆய்லர் பேஸில் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். மகனும் தம்மைப் போலவே குருப்பட்டம் பெறவேண்டுமென்பது தந்தையார் விருப்பம். ஆனால், யாக்கோபின் இளவலாகிய யோவான் பெர்னூலி இம்மாணவரின் கூர்த்த மதியைக் கண்டறிந்தார். தனியே பாடஞ் சொல்ல அவருக்கு நேரமில்லை. எனினும், கடினமான நூல்களைத் தாமே கற்றுவரும்படியும், விளங்காத இடங்களைச் சனிக்கிழமைப் பிற்பகலில் வந்து வினவும்படியும் இசைவளித்தார். பின்னர் அவரே பால் ஆய்லரிடம் பரிந்து பேசி, மைந்தரைக் கணிதத்திற்கே விட்டுக்கொடுக்குமாறு செய்தார்.

கற்று முடித்த ஆய்லர் பேஸிலில் ஆசிரியர் பதவியொன்றை விரும்பினார்; அது கிட்டவில்லை. ஆகவே 1727-ஆம் ஆண்டில் ருஷியாவின் தலைநகராயிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சாஸ்திர சங்கத்திற் பணியேற்கச் சென்றார். 1733-ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் கணிதப் பேராசிரியராக உயர்ந்தார். அடுத்த ஆண்டில் காதரீனா கிஸெல் என்னும் மாதரசியை மணந்தார். பதின்மூவர் மக்கள் பிறந்தும், ஐவரே இளம்பருவங் கடந்து பிழைத்தனர். குழந்தைகள் சூழ்ந்து விளையாடிக் கொண்டிருக்கவே அவர் அரிய கணக்குகளைச் செய்து முடிப்பர் என்பர். ருஷிய நாட்டின் தேசப்படங்களைத் திருத்தும் வேலையும் அவர்மேல் விழுந்தது. 1735-ஆம் ஆண்டிற் கொடிய சுரங் கண்டு பிழைத்தார்; 1738-ஆம் ஆண்டில் வலக்கண் பார்வையை இழந்தார். தேசப்பட வேலையே கண்ணைக் கெடுத்ததென்பது அவருடைய எண்ணம்.

இக்காலத்திலேதான் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றிய வினா அவரிடம் வந்தது. அந்நகரம் அந்நாளிற் பிரஷியாவைச் சேர்ந்தது; 1946 முதல் ருஷியாவின் கலினின்கிராட் என வழங்குவது. பிரெகல் ஆறு நகரினூடே பிரிந்து பாய்தலால் ஊர் நான்கு நிலப்பகுதிகளாயிருந்தது. அவற்றுள் ஒன்று தீவு. இந்நான்கையும் ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறையே, ஒருமுறைக்கு மேற்படாமல், கடந்து உலாவி வருதல் கூடுமோ என்பது அவ்வூரார் கேட்டுவந்த வேடிக்கை வினா. சென்றவர் எவரும் வெற்றி பெறவில்லை. இயலாதென்று காட்டியவரும் இலர்.

ஆய்லர் முதலில் இதனைப் பெரிதாக மதித்தாரல்லர். கணிதத்திற்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவென்றே 1736-ஆம் ஆண்டில் ஒரு நண்பர்க்கு எழுதினார். ஆயினும், கேத்திர கணிதமும் அட்சர கணிதமும் இதற்கு விடை தாராமை கண்டே அவருள்ளத்தில் ஆர்வம் எழுந்தது. தாம் கண்ட முடிபை 1735-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் தேதி சாஸ்திர சங்கத்தில் எடுத்துரைத்தார். அக்கட்டுரை 1741-ஆம் ஆண்டில் அச்சேறியது. அவர் காட்டிய நியாயம் சிறு பிள்ளைக்கும் விளங்குவதே. நடப்பவர் ஒரு நிலப்பகுதியை ஒரு பாலத்தால் அடைந்தால் வேறொரு பாலத்தாலேயே அதனை விட்டு நீங்க வேண்டும். ஆகவே, இடையிற் கடந்து செல்லும் நிலத்திற்குப் பாலங்கள் இரண்டிரண்டாகவே அமைதல் வேண்டும். ஒற்றைப்படையாகப் பாலங்கள் உள்ள நிலம் நடையின் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருத்தல் கூடும். எனவே, அத்தகையவை இரண்டுக்கு மேற்படலாகாது. கோனிக்ஸ்பெர்க்கிலோ, தீவிற்கு ஐந்து பாலங்கள். ஏனை மூன்று நிலங்களுக்கும் மும்மூன்று. நான்கும் ஒற்றைப்படை! ஆதலின் அவ்வுலா எஞ்ஞான்றும் இயலாது.

ஆய்லர் அந்நகரத்து வீதியில் நடந்து பார்த்து இம்முடிபைக் கண்டாரல்லர். தெருவின் நீளத்தையும் ஆற்றின் அகலத்தையும் அவர் கேட்கவில்லை. எது எதனோடு இணைந்துள்ளது என்பதை மட்டும் கேட்டார். வேண்டாதவற்றை நீக்கி வேண்டியதொன்றை நிறுத்துதலே இங்கு அவர் காட்டிய திறம். இன்று வரைவியல் என்னும் கணிதப் பிரிவு அந்தச் சிறு கட்டுரையினின்றே கிளைத்தது என்பர். இயலாது என்னும் விடையாலும் நன்மை உண்டு. ஒரு தபால்காரர் அவ்வேழு பாலங்களையும் கடந்து புறப்பட்ட இடத்திற்கே மீளவேண்டுமாயின், இரண்டு பாலங்களை இருமுறை கடத்தல் இன்றியமையாதது. ஆக ஒன்பது கடப்புக்களில் வேலை முடியும். எட்டிலே முடிக்க முயல்வோன் வீணே அலைவான்; பத்து நடப்போன் வீணே நடப்பான். தெருக்கள்தோறும் செல்லும் தபால்காரர்க்கு மிகக் குறைந்த வழி காணும் முறையைச் சீன தேசத்துக் கணிதர் குவான் மெய்கு 1960-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார்; அதன் அடிப்படை ஆய்லர் கண்ட ஒற்றை இரட்டை விதியே. குப்பை வண்டிகளுக்கு வழி வகுப்பதும் இம்முறை பற்றியே.

1741-ஆம் ஆண்டில் ஆய்லர் பிரஷிய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் அழைப்பை ஏற்றுப் பெர்லின் நகரம் சென்று இருபத்தைந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். சொற்சாதுரியம் மிக்க அரசவைக்கு அவருடைய எளிய இயல்பு பொருந்தவில்லை. ஒற்றைக்கண்ணர் என்று மன்னர் எள்ளியதும் உண்டு. எள்ளலைப் பொருட்படுத்தாமல் அவர் நூல் மேல் நூலாக எழுதினார். கப்பல் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1749-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சந்திரனின் இயக்கத்தைப் பற்றி அவர் கண்டவற்றைக் கொண்டு தோபியாஸ் மாயர் என்பவர் வகுத்த அட்டவணைகள், நடுக்கடலிற் செல்லும் மாலுமிகள் தாம் இருக்கும் இடத்தை அறிய உதவின. இதற்காக 1765-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பார்லிமெண்டார் ஆய்லருக்கு 300 பவுன் பரிசளித்தனர்.

பெர்லினில் அவர் ஆராய்ந்த மற்றொன்று சதுரங்கக் குதிரையின் நடை. அறுபத்து நான்கு கட்டங்களுள் ஒவ்வொன்றிலும் ஒருமுறையே குதிரையை நிறுத்திச் சுற்றிவருதல் எங்ஙனம்? இவ்விளையாட்டு நம் நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலிற் பிறந்த வேதாந்த தேசிகர் பாதுகா சகஸ்ரத்தில் இந்நடையமைந்த சித்திரகவி பாடியுள்ளமையைக் கற்றோர் அறிவர். ஆய்லர் இதற்கு ஒரு முறை வகுத்தார். முதலில் தோன்றியவாறு குதிரையைச் செலுத்துக. வழி அடைபட்டு நின்றபின், நடந்த வழியின் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பி இணைத்து, விடுபட்ட கட்டங்களைச் சிறிது சிறிதாக உள்ளே கொணர்க. செய்ததை முற்றும் அழித்துவிடாமல், உள்ளதைக் கொண்டே திருத்திச் செல்லும் இம்முறை நம் கருத்தில் நிற்கத்தக்கது.

1766-ஆம் ஆண்டிற் காதரைன் சக்கரவர்த்தினியின் அழைப்பினால் ஆய்லர் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் சென்றார். சென்ற சிறிது காலத்தில் எஞ்சிய கண்ணும் படலத்தால் மறைந்தது. 1771-ஆம் ஆண்டில் நகரில் எழுந்த பெருந்தீ அவரது வீட்டையும் பற்றியது. பேஸில் நகரத்தவரான பீட்டர் கிரிம் என்பவர் உள்ளே புகுந்து குருடரான முதியவரை மீட்டார். அவ்வாண்டிலேயே செய்த சத்திர சிகிச்சையாற் பார்வை சிறிது திரும்பி, பின்னர் நோய்கூடி முற்றும் போயிற்று. 1773-ஆம் ஆண்டில் மனைவியாரும் இறந்தார். இவ்வளவு துன்பங்களுக்கு நடுவிலும் அவருடைய வேலை தளரவில்லை. மனத்திலேயே கணக்கிட்டு, மைந்தரும் மாணவரும் எழுத, தாம் சொல்லி வந்தார். அவருடைய எண்ணூற்றுக்கு மேற்பட்ட நூல்களிலும் கட்டுரைகளிலும் ஏறத்தாழப் பாதி இவ்விறுதிக் காலத்தனவே. 1783-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் தேதி, அண்மையிற் கண்டறியப்பட்ட யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றி உரையாடிய அன்றே, மூளையில் இரத்தம் கசிந்து தமது எழுபத்தாறாம் வயதிற் காலமானார்.

இனி, பாலங்களும் குதிரையும் லாரிக்கு எங்ஙனம் வழிகாட்டின என்பதைக் காண்போம். தெருக்கள் யாவற்றையும் கடத்தல் ஒரு வகை. இடங்கள் யாவற்றையும் அடைதல் மற்றொரு வகை. முன்னது பாலக் கணக்கைச் சேர்ந்தது. அதற்கு எளிய விதி உண்டு. பின்னது குதிரைக் கணக்கைச் சேர்ந்தது; அதற்கு அத்தகைய எளிய விதி இதுகாறும் கிட்டவில்லை. கடைகளுக்குச் சரக்கு வழங்குதல் பின்னதன்பாற்படும். கடைகள் பத்தாயின் அவற்றை அடையும் வரிசைகள் 36,28,800. பதினைந்தாயின் ஒரு லட்சத்து முப்பதினாயிரங் கோடிக்கும் மேல். ஒவ்வொன்றாகச் சோதித்தல் ஆகாத காரியம்.

இவ்வினாவை லாரிகளுக்கு உரியதாக முதலில் வகுத்தவர்கள் அமெரிக்காவில் டான்ட்சிக், ராம்சர் என்னும் இருவர். பெட்ரோல் நிலையங்களுக்கு எண்ணெய் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பற்றி அவர்கள் 1959-ஆம் ஆண்டில் எழுதினர். 1964-ஆம் ஆண்டில் கிளார்க், ரைட் என்போர் மிச்சக் கணக்கு ஒன்றை வெளியிட்டனர். கிடங்கினின்று ஒரு கடை 10 கிலோமீட்டர், மற்றொன்று 12 கிலோமீட்டர், இரண்டிற்கும் இடையே 4 கிலோமீட்டர் எனக் கொள்வோம். தனித்தனியே சென்று மீண்டால் 44 கிலோமீட்டர், ஒரே நடையாகச் சென்றால் 26, மிச்சம் 18. இங்ஙனம் மிச்சம் மிகுந்த கடைகளை முதலிற் கூட்டி, லாரி தாங்கும் பாரம் நிரம்பும் வரை சேர்த்துச் செல்வதே அம்முறை. கிடைத்த வழி தன்னைத்தானே குறுக்கிடுமாயின், இடைப்பட்ட பகுதியைத் திருப்பி இணைத்துக் குறுக்குவர். ஆய்லர் குதிரையின் வழியைத் திருப்பியதும் இதுவும் ஒரு குடும்பத்தனவே.

மிச்சமாவது காசு மட்டுமன்று. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. எண்ணெயிலுள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுதலின் எடை மிகுகின்றது. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் லாரி அப்பதினெட்டுக் கிலோமீட்டரைத் தவிர்த்தால் 9 கிலோவிற்கு மேற்பட்ட வாயு ஒரு நாளில் வானிற் கலவாது நிற்கும். ஆயினும், குறுகிய வழியே எப்போதும் சிக்கன வழி என்று கொள்ளலாகாது. பாரம் மிகுந்தால் எண்ணெய்ச் செலவும் மிகும். ஆதலின் கனத்த சரக்கை முன்னரே இறக்குதல் சிலவிடத்து நலம். நெரிசலில் எஞ்சின் வீணே ஓடி நிற்றலும் செலவே. சாலையின் வலப்புறம் வண்டியோட்டும் அமெரிக்காவில் யூ.பி.எஸ். என்னும் நிறுவனத்தார், எதிர்வரும் வண்டிகளுக்காகக் காத்து நிற்க நேரும் இடப்புறத் திருப்பங்களை இயன்றவரை விலக்கி வழி வகுத்தனர். தூரத்தோடு பாரத்தையும் வேகத்தையும் புகையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை பெக்டாஷ், லாபோர்ட் என்னும் இரு அறிஞர் 2011-ஆம் ஆண்டில் வகுத்தனர்.

ஊரார் பொழுதுபோக்காகக் கேட்ட வினாவை அற்பமென்று ஆய்லர் தள்ளியிருந்தால் அவர் புகழுக்குக் குறைவு நேர்ந்திராது. அவருக்கு வேறு வேலைகளும் பல இருந்தன. ஆனால், சிறு வினாவிற்கும் முழு விடை காணவேண்டுமென்னும் நேர்மை அவரிடம் இருந்தது. கால் நடப்பதற்கு முன் கருத்து நடக்கவேண்டும் என்பதே அக்கட்டுரை நமக்குத் தரும் பாடம். சக்கரம் உருள்வதற்கு முன் ஒரு நாழிகை தாளில் எண்ணிப் பார்ப்பவன், பொருளையும் காக்கின்றான். பிறர் சுவாசிக்கும் காற்றையும் காக்கின்றான். கணிதம் பயிலும் நம் மாணவர் தேர்வுக்கு வேண்டிய சூத்திரங்களோடு நில்லாமல், தம் ஊர்த் தபால்காரர் நடக்கும் தெருக்களையும் பால் வண்டி செல்லும் வழியையும் ஒரு தாளில் வரைந்து, ஒற்றை எங்கே இரட்டை எங்கே என்று எண்ணிப் பார்ப்பாராக. கண்ணிழந்த அம்முதியவர் கண்ட வழி அவர்களுக்கும் புலனாகும்.