ஒரு தாயின் கேள்வி: சீன மாணவர் யுங் விங் வரலாறு

 

பரிசளிப்பு விழா முடிகிறது. பிள்ளை ஒரு புத்தகத்தையும் நற்சான்றிதழையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறது. பாட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இதுக்கு எவ்வளவு காசு கொடுப்பாங்க என்று கேட்கிறாள். நாம் சிரித்து விடுகிறோம். ஆனால் அது சிரித்துத் தள்ள வேண்டிய கேள்வி அல்ல. 1855ஆம் ஆண்டில் சீன நாட்டில் ஓர் ஏழைத் தாய் தன் மகனிடம் இதே கேள்வியைக் கேட்டாள். அதற்கு முழுப் பதில் சொல்ல அந்த மகனுக்கு ஓர் ஆயுள் பிடித்தது. அவர் பெயர் யுங் விங். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர்தாம். அவர் கதையைக் கேளுங்கள்.

1828ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், போர்த்துகீசியர் ஆண்ட மக்காவ் நகருக்குப் பக்கத்தில் நான்பிங் என்னும் சிற்றூரில் யுங் விங் பிறந்தார். மிகவும் ஏழைக் குடும்பம். ஏழு வயதில் தகப்பனார் அவனை மக்காவில் ஒரு வெள்ளைக்கார அம்மையார் நடத்திய பள்ளியில் சேர்த்தார். வெள்ளைக்காரரோடு வியாபாரம் பெருகி வந்த காலம் அது. மகன் இங்கிலீசு படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்பது தகப்பனாரின் எண்ணம். நம் பெற்றோர்களுக்கு அந்த எண்ணம் புதிதா என்ன?

சில ஆண்டுகளில் பள்ளி மூடப்பட்டது. 1840இல் தகப்பனாரும் கண்ணை மூடினார். பன்னிரண்டு வயதுப் பையன் விடியுமுன் எழுந்து தெருத்தெருவாக மிட்டாய் விற்றான். மிட்டாய் வியாபாரம் இல்லாத பருவத்தில் அக்காளோடு வயலுக்குப் போய், அறுவடையில் சிந்திய நெற்கதிர்களைப் பொறுக்கினான். அங்கே ஒரு நாள் அக்காள், தன் தம்பிக்கு இங்கிலீசு பேச வரும் என்று அறுவடைக்காரரின் தலைவனிடம் சொல்லிவிட்டாள். எங்கே, பேசு பார்ப்போம் என்றான் அவன். பையன் கூச்சப்பட்டு நின்றான். பேசினால் ஒரு பெரிய கட்டு நெல் தருவதாகச் சொன்னதும் ஆங்கில எழுத்து இருபத்தாறையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான்! சேற்றில் நின்றவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். சொன்னபடியே நெற்கட்டும் கிடைத்தது. அக்காளும் தம்பியும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வீடு வந்தார்கள். படிப்பு அவனுக்குக் கொடுத்த முதல் பரிசு அந்த நெல்தான்.

பிறகு ஓர் அச்சகத்தில் மாதம் நாலரை வெள்ளிச் சம்பளத்தில் தாள் மடிக்கும் வேலை செய்தான். பழைய ஆசிரியை அம்மையார் அவனை மறக்கவில்லை. அவனைத் தேடிப் பிடித்து, புதிதாகத் திறந்திருந்த மாரிசன் பள்ளியில் சேர்க்கும்படி நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தார். 1841இல் யுங் விங் மறுபடியும் மாணவனானான். ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையை நினைவில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பாருங்கள்!

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் சாமுவேல் பிரவுன் என்னும் அமெரிக்கர். உடல் நலமின்றி ஊர் திரும்பப் புறப்பட்ட அவர், தம்மோடு அமெரிக்கா வர விரும்புவோர் எழுந்து நிற்கலாம் என்றார். முதலில் எழுந்து நின்றவர் யுங் விங். அடுத்து இருவர் எழுந்தனர். வீட்டில் தாயின் கண்ணீர்! ஹாங்காங்கிலிருந்த சில பெரியவர்கள், மகன்கள் இல்லாத குறையை ஈடுகட்ட, இரண்டு ஆண்டுகளுக்குப் பெற்றோர்களுக்குப் பணம் கொடுத்து உதவ முன்வந்தார்கள். தாய் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்தாள்.

1847ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தேயிலை ஏற்றிய பாய்மரக் கப்பலில் மூவரும் புறப்பட்டார்கள். 98 நாள் கடற்பயணம். நியூயார்க்கில் இறங்கும்போது யுங் விங்குக்கு வயது 18.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மான்சன் என்னும் ஊரில் பள்ளிப் படிப்பு முடிந்தது. மேற்படிப்புக்குப் பணம் இல்லை. பள்ளி நிர்வாகத்தாரிடம் ஏழை மாணவர்களுக்கென ஒரு நிதி இருந்தது. பிற்காலத்தில் மத போதகராக ஊழியம் செய்வதாகக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பணம் கிடைக்கும். கையில் காசு இல்லாத இளைஞர் என்ன செய்தார்? அவர் மறுத்துவிட்டார். சீனாவுக்கு எந்த வழியில் அதிக நன்மை செய்ய முடியுமோ அந்த வழியில் போகத் தாம் கட்டுப்பாடின்றி இருக்க வேண்டும் என்றார். பின்னர் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரின் மாதர் சங்கத்தினர் உதவ முன்வந்தனர். 1850இல் யேல் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரியிலும் சும்மா இருக்கவில்லை. சக மாணவர்களின் சாப்பாட்டு விடுதிக்குக் காலையில் சாமான் வாங்கிப் போடுவார், சாப்பாட்டு வேளையில் பரிமாறுவார். அதில் தம் சாப்பாட்டுச் செலவைச் சமாளித்தார். கணக்கில் அவர் மிகவும் மட்டம். ஆனால் ஆங்கிலக் கட்டுரையில் வெள்ளைக்கார மாணவர்களைத் தாண்டி இரண்டு தவணைகளில் முதற் பரிசு பெற்றார். கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கிய தம்பி தங்கைகளே, இதையும் கவனித்துக்கொள்ளுங்கள். 1852இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். 1854இல் பட்டம் வாங்கினார். தமக்குக் கிடைத்த கல்வி சீனாவின் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டும் என்று அப்போதே உறுதி பூண்டார்.

154 நாள் கடலில் கழித்து 1855இல் தாயகம் வந்தார். கப்பலில் ஏறிய சீன வழிகாட்டி மாலுமியிடம் பேச வாய் திறந்தால் சீனச் சொற்கள் வரவில்லை! எட்டு ஆண்டில் தாய்மொழி நாவிலிருந்து நழுவியிருந்தது. வெட்கப்பட்ட அவர், கேண்டன் நகரில் மாதக்கணக்காக உட்கார்ந்து மறுபடியும் சீனம் படித்தார்.

அதற்கு முன் தாயைப் பார்க்கப் போனார். தாய்க்கு ஆனந்தக் கண்ணீர். தாம் வாங்கி வந்த பட்டத்தைப் பற்றி மகன் விளக்கினார். அந்தத் தாய் கேட்ட கேள்விதான் நாம் தொடக்கத்தில் சொன்னது. இதற்கு எவ்வளவு பணம் கொடுப்பார்கள்? பணம் உடனே வராது, ஆனால் அறிவுக்குப் பணத்தைவிட வலிமை உண்டு என்று மகன் சொன்னார். தாய் தலையாட்டினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, அண்ணனே மீசை வைக்காதபோது தம்பி வைக்கலாமா, எடுத்துவிடு என்றாள். பட்டதாரி மறுபேச்சின்றி மீசையை எடுத்துவிட்டு வந்தார்!

ஆனால் மகன் சொன்ன பதிலை உலகம் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாங்காங்கில் சட்டம் பயில முயன்றார். சீனன் ஒருவன் போட்டிக்கு வருவதை ஆங்கில வழக்கறிஞர்கள் விரும்பவில்லை. ஷாங்காய் சுங்கத்துறையில் சேர்ந்தார். எவ்வளவு உழைத்தாலும் சீனருக்கு அங்கே மேல் பதவி கிடையாது என்று தெரிந்ததும் வேலையை உதறிவிட்டு வெளியேறினார். ஒரு நாள் ஏலக் கடையில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் ஒருவன் வேடிக்கைக்காக அவர் பின்னலில் பஞ்சு உருண்டைகளைக் கட்டினான். அவிழ்த்துவிடும்படி அமைதியாகச் சொன்னார். அவன் கையை ஓங்கி அடித்தான். உடனே யுங் விங் திருப்பிக் கொடுத்த அடியில் அவனுக்கு இரத்தம் வந்தது. சீனன் திருப்பி அடிப்பான் என்று அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை.

தம் அவமானத்தைவிட இன்னொரு காட்சி அவர் மனத்தை அறுத்தது. ஊர் திரும்பிய புதிதில் மக்காவில் கண்டது அது. ஏழைச் சீனர்களை ஒருவர் பின்னலோடு மற்றொருவர் பின்னலைச் சேர்த்துக் கட்டி, மாடுகளைப்போல் கொட்டடிக்கு ஓட்டிப் போனார்கள். ஏமாற்றியும் கடத்தியும் பிடிக்கப்பட்டவர்கள் அவர்கள். கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பெரு நாட்டுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 1849 முதல் 1874 வரை பெருவுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் சீனர்கள் போனார்கள். எட்டு ஆண்டு ஒப்பந்தம். பறவை எச்சம் உரமாக வெட்டப்பட்ட தீவுகளிலும் கரும்புக் காடுகளிலும் மாண்டவர்கள் ஏராளம். அதே காலத்தில்தான் நம் முன்னோர்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சஞ்சிக்கூலிகளாகப் பினாங்கில் இறங்கினார்கள். கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போனவர்களின் துயரத்தை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1873இல் பெரு நாட்டுத் தூதர், இன்னும் கூலிகள் வேண்டும் என்று கேட்டுச் சீனாவுக்கு வந்தார். அங்கே கூலிகள் சுகமாக வாழ்வதாகப் பேசினார். மக்காவில் தாம் கண்டதை யுங் விங் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். நேரில் போய்ப் பார்த்து வரும்படி அமைச்சர் லி ஹுங் சாங் யுங் விங்கைப் பெருவுக்கு அனுப்பினார். அங்கே சாட்டை பட்டும் சூடு வைக்கப்பட்டும் கிழிந்துபோன கூலிகளின் முதுகுகளை, இரவு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் 24 புகைப்படங்களாக எடுத்துக்கொண்டார். அந்தப் படங்களைக் கண்ட பெரு தூதர் வாயடைத்துப் போனார். மக்காவ் துறைமுகமும் 1874இல் கூலிக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. அந்தப் பழைய கொடுமை மறுபடி தலைதூக்கவில்லை.

தாய் கேட்ட கேள்விக்கு இது முதல் பதில். எழுத்தறியாதவனின் முதுகில் இருந்த தழும்பை, எழுத்தறிந்தவன் ஆட்சியாளரின் மேசைக்குக் கொண்டுபோனான்.

இரண்டாவது பதில் அவருடைய கல்லூரிக் கனவு. அமெரிக்காவில் இயந்திரங்கள் வாங்கி வந்து அரசாங்கத்தின் நம்பிக்கையைப் பெற்ற யுங் விங், பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கும் திட்டத்தைப் பல ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தினார். கடைசியில் அரசாங்கம் ஒத்துக்கொண்டது. ஆண்டுக்கு 30 பேராக, 1872 முதல் 1875 வரை 120 சிறுவர்கள் அமெரிக்கா போனார்கள். வசதி படைத்தவர்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். பெரும்பாலும் தென்சீனத்துச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளே போனார்கள். படிப்பு 15 ஆண்டு. இடையில் பிள்ளை இறந்தாலும் அரசாங்கம் பொறுப்பில்லை என்ற தாளில் தகப்பன்மார் கையெழுத்திட்டார்கள். எத்தனை துணிச்சல் வேண்டும்!

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரைச் சுற்றி அமெரிக்கக் குடும்பங்களில் தங்கி அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். பரிசுகள் வாங்கினார்கள். பேஸ்பால் ஆட்டத்தில் குழு அமைத்து வென்றார்கள். 1875இல் யுங் விங் மேரி கெல்லாக் என்னும் அமெரிக்கப் பெண்ணை மணந்து அங்கேயே குடும்பம் நடத்தினார்.

அந்த வேளையில்தான் புயல் அடித்தது. அமெரிக்காவின் குறுக்கே 1869இல் முடிந்த இரயில் பாதையை மலையைக் குடைந்து போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனர்கள். வேலை முடிந்ததும் அவர்களே வேண்டாதவர்களானார்கள். வெள்ளைத் தொழிலாளரின் கூலியைக் கெடுக்கிறார்கள் என்று மேற்குக் கரையில் கூச்சல் எழுந்தது. சீனரின் வீடுகள் எரிக்கப்பட்டன. யுங் விங்கின் மாணவர்களை இராணுவக் கல்லூரிகளில் சேர்க்க அமெரிக்க அரசாங்கம் மறுத்தது. சீனாவிலோ, பிள்ளைகள் சொந்தப் பழக்கவழக்கங்களை மறந்து அந்நியராகிறார்கள் என்று பழமைவாதிகள் குற்றம் சாட்டினார்கள். இரு பக்கமும் இடி! 1881இல் மாணவர்கள் அனைவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்டு ஏறக்குறைய 100 பேர் கப்பலேறினார்கள். அவர்களில் பட்டம் முடித்தவர்கள் மிகச் சிலரே. மறு ஆண்டு 1882இல், சீனத் தொழிலாளர் நுழையத் தடையும், சீனர்க்குக் குடியுரிமை இல்லை என்ற விதியும் அமெரிக்காவில் சட்டமாயின. அந்தத் தடை நீங்கியது 1943இல்தான்.

யுங் விங்கின் நெஞ்சு உடைந்தது. 1886இல் மனைவியும் காலமானார். இரண்டு மகன்களை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1895இல் சீனாவுக்குப் போய் நாட்டைச் சீர்திருத்த முயன்றார். 1898இல் சீர்திருத்தக்காரர்கள் வேட்டையாடப்பட்டபோது உயிர் தப்பி ஓடினார். அதே ஆண்டில், 46 ஆண்டுகளுக்கு முன் தாம் பெற்ற குடியுரிமை இனிச் செல்லாது என்று அமெரிக்க அரசாங்கம் சொல்லிவிட்டது. பிறந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து. வாழ்ந்த நாட்டில் இடமில்லை. இருந்தும் 1902இல், இளைய மகன் யேலில் பட்டம் பெறுவதைக் காண, 73 வயதில் எப்படியோ அமெரிக்க மண்ணில் கால் வைத்துவிட்டார். எந்தத் தகப்பன்தான் வராமல் இருப்பான்?

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஹார்ட்போர்டு நகரில் யுங் விங் மறைந்தார். அப்படியானால் தோற்றுப்போனாரா? திரும்பிய பையன்களைப் பாருங்கள். தொடக்கத்தில் அவர்களைச் சந்தேகத்தோடு காவலில் வைத்தவர்களே பிறகு அவர்களைத் தேடினார்கள். ஜான் தியான்யூ என்பவர் 1909இல் பீக்கிங்கிலிருந்து மலைகளைத் தாண்டிச் செல்லும் இரயில் பாதையை வெளிநாட்டுப் பொறியாளர் துணையின்றிக் கட்டி முடித்தார். தாங் ஷாவோயி 1912இல் சீனக் குடியரசின் முதல் பிரதமரானார். தாங் குவோவான் சிங்ஹுவா கல்விக்கூடத்தின் தலைவரானார்.

பெற்றோர்களே, சான்றிதழைத் தூக்கிக்கொண்டு பிள்ளை ஓடி வரும்போது, இதுக்கு எவ்வளவு காசு என்று பாட்டி கேட்டால் அவர்களைக் கோபிக்காதீர்கள். பசியை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. மாணவச் செல்வங்களே, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். குடியுரிமையைப் பறித்தார்கள். பள்ளியை மூடினார்கள். பிள்ளைகளைப் பாதியில் அழைத்துக்கொண்டார்கள். ஆனால் 120 தலைக்குள் ஏறிய படிப்பை எந்தச் சட்டத்தாலும் இறக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். பிறகு மறுநாள் காலையில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, நேரத்தோடு பள்ளிக்கு வந்து சேருங்கள்.